நெல்வயலின் நீலப்பச்சைப் பாசியும் அது விரும்பும் சூழலும்

நெற்பயிருக்கு வேண்டிய ஊட்டங்களுள் கமக்காரருக்கு மிகுந்த செலவை வைப்பது நைதரசன் ஆகும். வயலின் மேலே நிற்கும் வளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. எனினும் அதனை வளிநிலையில் உட்கொள்ளும் ஆற்றல் நெல்லுக்கு இல்லை. ஆதலால் யூரியாவை விலை கொடுத்து வாங்கி இடுகின்றோம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் யூரியாவின்றி வயல் செய்வது எத்தகையது என்பதை மாத்தளை மாவட்டத்துக் கமக்காரரும் கண்கூடாகக் கண்டனர். தடை நீங்கிய பின்னரும் 2022 இல் யூரியாவின் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் நின்றது. அக்காலந்தொட்டு, "நீலப்பச்சைப் பாசியை வாங்கி வயலில் இட்டால் யூரியா வேண்டியதில்லையாமே, உண்மையா?" என்று எம்மிடம் வினவுவோர் உளர்.

பாசி நைதரசன் தருகிறது என்பது உண்மை. யூரியாவே வேண்டியதில்லை என்பது உண்மையன்று. இவ்விரண்டினும் மேலாகக் கமக்காரர் அறிய வேண்டியது வேறொன்று உண்டு. அப்பாசியை விலைக்கு வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அது உங்கள் வயலிலேயே இருக்கிறது. அது தொழில் செய்யுமா, சோம்பிக் கிடக்குமா என்பதை மண்ணின் தன்மையும், நீரும், வெயிலும், நீங்கள் பசளையிடும் முறையும் தீர்மானிக்கின்றன.

நெல்வயலின் வளத்தில் இப்பாசிகளுக்குள்ள பங்கை முதன்முதலில் தெளிவுபடுத்தியவர் டாக்காவில் ஆராய்ச்சி செய்த பி. கே. டே என்பவராவர். பசளை சிறிதும் இடாமல் ஆண்டாண்டாக நெல் விளைவித்தும் சில வயல்கள் வளங்குன்றாதிருப்பது ஏன் என்ற வினாவுக்கு, நீரிலும் சேற்றிலும் வளரும் நீலப்பச்சைப் பாசிகளே காரணம் என்று அவர் 1939 இல் விடை கூறினார். நம் நாட்டில் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய ஆவார். அவரும் பிரெஞ்சு அறிஞர் ரோஜரும் சேர்ந்து எழுதிய நீலப்பச்சைப் பாசியும் நெல்லும் பற்றிய நூலை, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1980 இல் வெளியிட்டது. மறு ஆண்டு, மத்திய இலங்கையின் நெல் மண்களில் இப்பாசிகள் பரவியிருக்கும் முறையைப் பல காரணிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த கட்டுரையொன்றும் அவர் பங்கேற்று வெளிவந்தது. ஒரு காரணியை மட்டும் பிடித்துக்கொண்டு பாசியின் போக்கை விளக்க இயலாது என்பதைக் கமக்காரரும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பாசியின் உடலமைப்பைப் பற்றிச் சிறிது கூறுவது பயன் தரும். நைதரசன் பதிக்கும் பாசிகளுட் பல, மணிகள் கோத்த மாலைபோன்று கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இழைகளாகும். சாதாரண கலங்கள் வெயிலின் துணைகொண்டு உணவு தயாரிக்கும்போது ஒட்சிசனை வெளிவிடுகின்றன. ஆனால் நைதரசனைப் பதிக்கும் நொதியமோ ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும் இயல்பினது. இவ்விடரைத் தீர்ப்பதற்காக இழையின் இடையிடையே, ஏறத்தாழப் பத்துக் கலங்களுக்கு ஒன்றாக, தடித்த சுவருள்ள தனிக் கலங்கள் தோன்றுகின்றன. ஒட்சிசன் எளிதில் நுழையாத அறைகள் அவை. அவற்றுள்ளேயே நைதரசன் பதிக்கப்படுகிறது. அயலிலுள்ள கலங்கள் அவற்றுக்கு உணவு கொடுக்க, அவை நைதரசனைக் கைம்மாறாகக் கொடுக்கின்றன. சுற்றியுள்ள நீரில் அமோனியா ஏராளமாகக் கிடைக்குமாயின் பாசி இத்தனிக் கலங்களை உண்டாக்குவதையே குறைத்துக்கொள்ளும். வாங்கிய சோறு வாசலில் இருக்கும்போது உலை வைப்பார் யார்? யூரியா இடும் முறையைப் பற்றிப் பின்னர் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

வயலிற் காணும் பாசி எல்லாம் நீலப்பச்சைப் பாசியன்று. விதைத்த சில நாட்களில் இளம்பச்சை நிறத்தில், பட்டு நூல்போல் நீண்டு, நாற்றைப் பின்னி மூழ்கடிக்கும் பாசி பச்சைப்பாசி ஆகும். அது நைதரசன் பதிப்பதில்லை. நீங்கள் இட்ட நைதரசனை உண்டு கொழுப்பது. நீலப்பச்சைப் பாசியோ கருநீலம் கலந்த கரும்பச்சையாகவோ கபிலமாகவோ தோன்றும். சேற்றின் மேல் மெல்லிய தோல்போலப் படர்ந்து, நண்பகலில் உள்ளே குமிழிகள் சேர்ந்ததும் துண்டு துண்டாகப் பெயர்ந்து மிதக்கும். சில வகைகள் கூழ்போன்ற கட்டிகளாக நிலத்திற் கிடக்கும். சில, நெற்றண்டைச் சுற்றிச் சிறு கூழுருண்டைகளாக ஒட்டியிருக்கும். நீர் வற்றியபின் காய்ந்த கடதாசிபோலச் சுருண்டு உரியும் கரிய படை, பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மலையடிவாரத்து ஊற்றுநீர் கசியும் வயல்களில் நீரின் மேல் எண்ணெய் போல மின்னும் செந்நிறப் படலத்தைப் பாசி என்று சிலர் தவறாகக் கருதுவர். அது மண்ணிலுள்ள இரும்பினால் உண்டாவது. அவ்வயலுக்கு வேண்டியது வடிகால்.

இனி, எவ்வளவு நைதரசன் கிடைக்கும் என்ற கணக்கைப் பார்ப்போம். நல்ல சூழலில் ஒரு போகத்தில் எக்டயருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைதரசன் சேரும் என்று கொள்ளலாம். ஏக்கருக்கு இது 8 முதல் 12 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே இது 17 முதல் 26 கிலோ வரையான யூரியாவுக்குச் சமம். ஐம்பது கிலோ மூட்டையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை என்க. மறுபுறம், ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு 100 புசல் எடுக்க விரும்பும் கமக்காரரின் பயிருக்கு 30 முதல் 40 கிலோ வரை வேண்டும். பாசி கொடுப்பது அதிற் காற்பங்கு அல்லது சற்று மேலாகவே இருக்கும். அதுவும் பாசி இறந்து மக்கிய பின்னரே வெளிப்படுவதால், முழுவதும் அதே போகத்துப் பயிருக்குக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி அடுத்த போகத்துக்கு மண்ணில் தங்கும். யூரியாவை முற்றாக நிறுத்திவிட்டுப் பாசியை நம்பியிருப்பவர் நட்டமடைவது இக்காரணத்தாலேயே. ஆனால் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா இன்றைய விலையில் அற்பமானதன்று.

சூழலைப் பற்றிக் கூறுமிடத்து மண்ணின் அமிலத்தன்மையே முதலில் நிற்பது. நீலப்பச்சைப் பாசி நடுநிலையான மண்ணையும் சற்றுக் காரமான மண்ணையும் விரும்பும். பி.எச். பெறுமானம் 6 இற்குக் கீழே இறங்க இறங்க அது குன்றும். 5 இற்குக் கீழே மிக அருகும். இவ்விடயத்தில் மாத்தளை மாவட்டம் ஒரே தன்மையதன்று. வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளில் உலர் வலயத்துச் செங்கபில மண்ணும், பள்ளங்களில் அதனோடு அடுத்துக் காணப்படும் ஈரக் களிமண்ணும் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியவை. கண்டலமை, தேவஹூவை போன்ற குளங்களின் கீழுள்ள வயல்கள் பலவற்றில் பாசிக்கு மண் ஒரு தடையாக இராது. தெற்கே உக்குவளை, இரத்தோட்டைப் பகுதிகளில் மழை மிகுதி. மழைநீர் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிச் செல்வதால் படிக்கட்டு வயல்களின் மண் அமிலத்தன்மை கூடியது. ஒரே பாசிப் பொதியை இவ்விரு இடங்களிலும் இட்டால் ஒரே பயன் விளையாது.

எனினும் தெற்குப் பகுதிக் கமக்காரர் மனந்தளர வேண்டியதில்லை. நீரில் மூழ்கிய மண்ணின் இரசாயனத்தை உலகறிய விளக்கியவர் நம் நாட்டவரான பீலிக்ஸ் பொன்னம்பெரும ஆவார். அமில மண்ணில் நீரைக் கட்டி வைத்தால், சில கிழமைகளில் அதன் பி.எச். பெறுமானம் தானாகவே உயர்ந்து நடுநிலையை அணுகும் என்பது அவருடைய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. அதே வேளையில் மண்ணோடு இறுகப் பிடித்திருந்த பொசுபேற்றில் ஒரு பகுதியும் விடுபடுகிறது. ஆகவே முதல் உழவை முன்கூட்டியே செய்து, வரம்புகளை நன்கு கட்டி, விதைப்புக்கு முன் இரண்டு மூன்று கிழமைகள் நீரைத் தேக்கி வைப்பது, செலவில்லாமல் சுண்ணாம்பிட்டதற்கு ஒப்பானது. நீர் வந்த அன்றே உழுது, மறுநாள் சேறடித்து, அதற்கடுத்த நாள் விதைக்கும் அவசர வழக்கம் அமில மண்ணுக்கு ஒவ்வாது. நீர் ஒழுகும் வரம்புகளையுடைய வயலில் இந்நன்மை கிட்டாது. நண்டு துளைத்த ஓட்டைகளை அடைப்பதும் பாசி வளர்ப்பின் ஓர் அங்கமே.

மண் பரிசோதனையில் அமிலத்தன்மை கடுமையாகக் காணப்படின், பரிசோதனை குறிக்கும் அளவில் தொலமைற்றுத் தூளை முதல் உழவின்போது இடலாம். மாத்தளைப் பகுதியிலேயே தொலமைற்றுக் கல் கிடைப்பது நமக்கொரு வாய்ப்பு. பரிசோதனையின்றிக் கண்மதிப்பில் அள்ளி இடுதல் கூடாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் நாகம் முதலிய நுண்ணூட்டங்கள் பயிருக்குக் கிடைக்காமற் போகும். நைதரசன் பதிக்கும் நொதியத்துக்கு இரும்பும் மொலிப்தினமும் இன்றியமையாதவை. அமில மண்ணில் மொலிப்தினம் கட்டுண்டு கிடக்கும். அமிலத்தன்மை தணிந்தவுடன் அது விடுபடும்.

அடுத்தது பொசுபேற்று. நைதரசனைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிருக்குப் பொசுபேற்றை ஆக்க இயலாது. நைதரசன் பதிப்பதற்கு மிகுந்த சக்தி செலவாகும். அச்சக்தியைக் கையாளப் பொசுபரசு வேண்டும். பொசுபேற்றுக் குறைந்த வயலில் எவ்வளவு பாசியை விதைத்தாலும் அது வெளிறி மறைந்துவிடும். ஆகவே யூரியாவின் செலவைக் குறைக்க விரும்புவோர் முச்சூப்பர் பொசுபேற்றையும் சேர்த்து நிறுத்திவிடுவது தன் காலைத் தானே வெட்டிக்கொள்வதாகும். எப்பாவளைப் பாறைப் பொசுபேற்று மலிவானதாயினும் நீரில் மிக மெதுவாகவே கரையும். அது தென்னை, தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குப் பொருந்தும். மூன்றரை மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கும் அதனிடையே வளரும் பாசிக்கும் உடனே உதவாது.

தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளில் சிறுபோகத்தில் வயலில் பெரிய வெங்காயம் செய்வோர் ஒரு விடயத்தைக் கவனித்தல் நலம். வெங்காயத்துக்கு இட்ட பொசுபேற்று முழுவதையும் அப்பயிர் எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சியது மண்ணிலேயே தங்கும். அதே வயலில் பெரும்போகத்தில் நெல் விதைக்கும்போது பாசி தானாகவே செழிப்பதைக் காணலாம். அத்தகைய வயலில் மண்ணைப் பரிசோதித்து, பொசுபேற்றின் அளவைக் குறைக்க முடியுமா என்று அறிந்துகொள்க. ஆனால் வெங்காயத்துக்குச் செம்பு கலந்த பூஞ்சணநாசினிகளை ஓயாது தெளித்த வயலாயின் நிலைமை வேறு. செம்பு பாசிக்கு நஞ்சு.

நீரைப் பொறுத்தவரை இரண்டு முதல் நான்கு அங்குலம் வரையான நிலையான நீரே பாசிக்கு உகந்தது. ஆழம் மிகுந்தால் கலங்கிய நீரில் வெயில் சேற்றை எட்டாது. வயல் அடிக்கடி காய்ந்தால் பாசியின் வளர்ச்சி நின்று நின்று தொடங்கும். ஆயினும் வரட்சி அதனைக் கொல்வதில்லை. தடித்த சுவருள்ள ஓய்வு வித்துக்களாகவும், கூழ்ப்பொருள் போர்த்த உலர்ந்த இழைகளாகவும் அது மண்ணிற் காத்திருக்கும். அருங்காட்சியகங்களில் பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த ஒருவகைப் பாசி நீர்பட்டதும் மீண்டும் வளர்ந்ததை அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். சிறுபோகத்தில் நீரின்றித் தரிசாகக் கிடந்த வயலுக்குப் பாசி விதை அழிந்திருக்கும் என்ற அச்சம் தேவையற்றது. அதைவிட, பெரும்போகத்தில் கடுமழையால் வரம்பு மேவி ஓடும் வெள்ளமே கூடுதலான பாசியை அடித்துச் செல்கிறது. மேல்வயல் நீர் கீழ்வயலூடாகவே பாயும் படிக்கட்டு நிலங்களில், நீரை ஒரு பக்க வாய்க்காலால் திருப்பிவிடக் கூடிய இடமிருந்தால் அவ்வாறு செய்க.

வெயிலின் செய்தி சற்று நுட்பமானது. நட்ட தொடக்கத்தில் வெயில் திறந்து விழும் நீரில் பச்சைப்பாசியே முந்திக்கொள்ளும். பயிர் மட்டம் வெடித்து நிழல் பரவிய பின், அளவான ஒளியையும் வெப்பத்தையும் விரும்பும் நீலப்பச்சைப் பாசி மேலோங்கும். நீரின் வெப்பம் 30 முதல் 35 பாகை வரை இருப்பது அதற்கு நன்று. நம் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் இவ்வெப்பம் இயல்பாகவே கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களின் முகிலும் குளிரும் மலைப்பக்கத்து வயல்களில் அதன் வேகத்தைத் தணிக்கும். அங்கே சிறுபோகத்திலேயே கூடிய பயனை எதிர்பார்க்கலாம். விதைநெல்லை அளவுக்கு மிஞ்சி வீசி விதைத்த வயலில் இலைகள் விரைவில் மூடி ஒளியை முற்றாகத் தடுத்துவிடும். வரிசையாக நட்ட வயலில் பாசி நெடுநாள் வாழும். வயலோரத்துப் பலாவும் கித்துளும் வீழ்த்தும் நிழலைப் பற்றி நான் ஒன்றும் கூறேன். அவை தரும் வருவாய் பாசி தருவதிலும் அதிகம்.

யூரியா இடும் முறைக்கு வருவோம். கமக்காரரின் கை பாசிக்கு நன்மையோ தீமையோ செய்வது பெரும்பாலும் இங்கேதான். நிற்கும் நீரில் யூரியாவை வீசினால் அது சில நாட்களில் அமோனியாவாக மாறும். அமோனியாவைக் கண்ட நீலப்பச்சைப் பாசி நைதரசன் பதிப்பதை நிறுத்திக்கொள்ளும், பச்சைப்பாசியோ பெருகும். இழப்பு அத்துடன் முடிவதில்லை. பகலில் பாசிகள் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடுவதால் நீரின் பி.எச். பெறுமானம் நண்பகலில் 9 இற்கு மேலும் ஏறும். அத்தகைய நீரிலுள்ள அமோனியா வாயுவாகி வளியிற் கலந்துவிடும். பாசி செழித்த வயலில் நீரின் மேல் யூரியா வீசும் ஒருவர், பாசியின் தொழிலையும் நிறுத்தி, தம் பணத்தையும் காற்றில் விடுகிறார். பாசியைப் பற்றிப் பேசுவோர் பலர் இதனைச் சொல்வதில்லை.

இதனைத் தவிர்க்க, மேற்கட்டுப் பசளை இடும் நாளில் நீரை வடித்து, சேறு பதமாக இருக்கும் நிலையில் யூரியாவை இடுக. களையெடுக்கும் கருவி உள்ளவர்கள் அதனை ஓட்டி யூரியாவைச் சேற்றுள் கலந்துவிடலாம். ஓரிரு நாள் கழித்து நீரைக் கட்டுக. சேற்றின் கீழே சென்ற நைதரசன் நெல்லின் வேருக்கு. மேலேயுள்ள நீர் பாசிக்கு. இருவரும் ஒருவர் பங்கில் மற்றவர் கைவையார். யூரியாவைப் பல சிறு பங்குகளாகப் பிரித்து இடுவதும், இலைவண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவையான போது மட்டும் இடுவதும் நன்று. பாசி நன்றாகப் படர்ந்த வயலில் இலையின் பச்சை குறையாதிருக்குமாயின், அடுத்த பங்கைச் சிறிது குறைத்துப் பாருங்கள். ஒரு பாத்தியில் மட்டும் முதலிற் குறைத்து, அறுவடையில் அளந்து ஒப்பிட்டபின் மற்றப் பாத்திகளுக்கு விரிவாக்குவதே அறிவுடைமை.

சூடடித்த வைக்கோலைக் களத்திலேயே எரித்துவிடாது வயலிற் பரப்புவது பாசிக்கும் உதவும். வைக்கோல் மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை நுண்ணுயிர்கள் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கின்றன. நைதரசன் குறைந்த அச்சூழலில் தானே அதனை ஆக்கவல்ல பாசிக்கு மேன்மை கிடைக்கிறது. வைக்கோலை உழவுக்கு நன்கு முன்னரே பரப்புக. பிந்திப் பரப்பினால் இளநாற்று மஞ்சளிக்கும்.

பாசிக்குப் பகையும் உண்டு. நத்தைகள், நுளம்புக் குடம்பிகள், கடுகளவேயான ஓடுடைய நீர்ப்பூச்சிகள் ஆகியன அதனை மேய்ந்துவிடும். ஒரு கிழமையில் கம்பளம்போல் படர்ந்த பாசி அடுத்த கிழமையில் மறைந்துபோவது பெரும்பாலும் இவற்றின் வேலையாகும். கூழுறை தடித்த பாசி வகைகளை இவை எளிதில் உண்பதில்லை. வேப்பம் விதையை இடித்து இடுவதால் ஓடுடைய நீர்ப்பூச்சிகள் குறைந்து பாசி பெருகியதை அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். வேம்பு மிகுந்த தம்புள்ளைப் பக்கத்தில் இது எளிதிற் செய்யக் கூடியது. பீடைநாசினிகளைப் பாசிக்காகத் தெளிக்க வேண்டாம். களைகொல்லிகளுள் ஒளித்தொகுப்பைத் தடுத்துக் களையைக் கொல்பவை பாசியையும் கொல்லும். நீரை வடித்துக் களையின் மேல் மட்டும் படும்படி தெளித்தல் தீங்கைக் குறைக்கும்.

இவ்வளவும் செய்தபின் பாசியை வெளியிலிருந்து கொண்டுவந்து இட வேண்டுமா என்ற வினா எழும். இந்தியாவில் வெங்கட்ராமன் முதலிய அறிஞர்களின் முயற்சியால், உலர்ந்த பாசிச் செதில்களை எக்டயருக்கு 10 கிலோ வீதம் நட்ட ஒரு கிழமை முதல் பத்து நாட்களுக்குள் இடும் முறை பரவியது. ஆனால் 1987 இல் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், பரிசோதித்த 102 நெல் மண் மாதிரிகள் எல்லாவற்றிலும் நைதரசன் பதிக்கும் பாசிகள் முன்னரே இருந்தமை தெரியவந்தது. வெளியிலிருந்து வரும் பாசி, ஊர்ப் பாசியோடு போட்டியிட்டு நிலைப்பது அரிது. ஆதலால் விலைக்கு விற்கும் பொதிகளையும் போத்தல்களையும் விட, உங்கள் வயலிலோ அயல் வயலிலோ நன்றாக வளர்ந்த பாசியைப் பெருக்கிக் கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். அது உங்கள் மண்ணுக்கும் நீருக்கும் பழகியது.

பெருக்கும் முறை எளிது. இரண்டு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் ஒரு சாண் ஆழமும் உள்ள தட்டொன்றைத் தகரத்தாலோ, குழி தோண்டிப் பொலித்தீன் விரித்தோ அமைத்துக்கொள்க. சலித்த வயல் மண் 8 முதல் 10 கிலோ, முச்சூப்பர் பொசுபேற்று ஏறத்தாழ 70 கிராம் இட்டு, நான்கு அங்குல உயரத்துக்கு நீர் விட்டுக் கலக்கித் தெளியவிடுக. அமில மண்ணாயின் ஒரு பிடி சுண்ணாம்பும் சேர்க்க. தெளிந்த நீரின் மேல், அறுவடை செய்த வயலிலிருந்து உரித்தெடுத்த காய்ந்த கரும் பாசிப்படையைத் தூளாக்கித் தூவுக. நல்ல வெயிலில் வைத்தால் ஒரு கிழமை முதல் இரு கிழமைக்குள் தடித்த படையாகப் படரும். பின்னர் நீரைத் தானாக வற்றவிட்டு, வெடித்துச் சுருளும் செதில்களைச் சேகரிக்கலாம். தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். டெங்கு நோய் பரவும் இக்காலத்தில் இதனை அலட்சியம் செய்தல் ஆகாது. தட்டை நெருங்கிய கண்களையுடைய வலையால் மூடுக. இடித்த வேப்பம் விதையை ஒரு துணியில் முடிந்து நீரில் இடுவதும் குடம்பிகளைக் குறைக்கும்.

குளத்தில் பச்சை வர்ணம் கரைத்தாற்போல் மிதக்கும் நுரையைப் பாசி விதையாக எடுத்தல் கூடாது. அவ்வாறு குளங்களில் பெருகும் இனங்களுட் சில நஞ்சுடையவை. அவற்றுள் பரவலாகக் காணப்படும் ஒன்று நைதரசன் பதிப்பதுமில்லை. அந்நீரைக் கால்நடைகள் குடிக்கவும் விடாதீர்கள்.

சேகரித்த செதில்களை நிழலில் நன்கு உலர்த்தி, ஈரமில்லாத மணலோடு கலந்து, பசளையோ பீடைநாசினியோ இருந்திராத சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த போகம் வரை பழுதின்றி இருக்கும். ஏக்கருக்கு 4 கிலோ போதுமானது. காற்றில்லாத காலை வேளையில், நீர் மெல்லிய படலமாக நிற்கும் வயலில் தூவுக. தூவிய பின் பத்து நாட்கள் வரை நீர் வற்றவோ வழியவோ விடாது மடையைக் கவனித்துக்கொள்க. அடிக்கட்டுப் பசளையாக முச்சூப்பர் பொசுபேற்று இடாத வயலில் இதனைத் தூவ வேண்டாம். மண் பரிசோதனைக்கு, வயலின் பத்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரை எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு கிலோவை நிழலில் உலர்த்தி, வயலின் பெயரும் முன்னர் செய்த பயிரும் எழுதிய சீட்டுடன் முதல் உழவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சேர்ப்பிக்கவும்.